என் பாதி பூக்கவில்லை

அக்கா,

இன்று காலை வாசல் கதவைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. பார்க்காமலே தெரிந்துவிட்டது, புறாப் பூ பூத்துவிட்டது என்று. ஒன்பது நாளைக்கு முன்னால் சிரம்பானில் ஒரு மழை அடித்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மத்தியானத்தில் திடீரென்று வானம் இருண்டு, கால் மணி நேரத்தில் உடம்பே சில்லிட்டுப் போகிற மழை. அன்றைக்கே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன், தப்பவில்லை. வேலியோரம் ஏழு தொட்டி. ஏழிலும் வெள்ளை வெள்ளையாய் இறகு விரித்து உட்கார்ந்திருக்கின்றன. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மகன் ஒரு நிமிஷம் நின்று, "இந்த வாட்டி ஜாஸ்திலா ம்மா" என்றான். அடுத்த வீட்டுச் சீன அம்மா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் பெருமையாக இல்லை. உன் தொட்டியில் இதைவிட நிறையப் பூத்திருக்கும் என்கிற நினைப்புதான் முதலில் வந்தது.

நீ போய் இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. லுக்குட்டில் உன் மகள் சரசு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பினேன். செத்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். உன்னை எடுத்த அன்றைக்கு எவ்வளவு கூட்டம் உனக்கு! பெடாஸிலிருந்து ஒரு வேன், தம்பினிலிருந்து ஒரு பஸ். நம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள், பல்லுப் போனவர்கள், கோல் ஊன்றியவர்கள், எல்லோரும் வந்து உன் தலைமாட்டில் நின்று அழுதார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தி எனக்கு இந்த வயதிலும் போகவில்லை.

உனக்குக் கடுதாசி எழுதுவதில் அர்த்தமில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் உன்னால் இதைப் படித்திருக்க முடியாது. நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள், நீ கைநாட்டு. உன்னைவிட எனக்குக் கூடுதலாக இருந்தது இந்த ஒன்றுதான். உனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உன்னை ஐந்து நிமிஷம் காக்க வைத்துவிட்டுத்தான் உறையையே பிரிப்பேன். நீ அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. சரசுவை மடியில் போட்டுக்கொண்டு சும்மா என் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பாய்.

வயதில் நான் உன்னைவிட எட்டு மாதம் மூத்தவள். ஆனால் நீ அண்ணனைக் கட்டினாய், நான் தம்பியைக் கட்டினேன். அதனால் நீ அக்கா, நான் தங்கச்சி. தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு வந்த முதல் நாளே மாமியார் அதைச் சொல்லிவிட்டார். எனக்குச் சின்னவளை அக்கா என்று கூப்பிட நாக்கு மடங்க மாட்டேன் என்றது. நீ வேறு மகாராணி மாதிரி "ஏ புள்ள" என்று கூப்பிட்டாய். யாருக்கு யாரடி புள்ள என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அங்கே தொடங்கியது. அப்புறம் உன் தலைமுடி, உன் மீன் குழம்பு, மரத்தில் பால் வெட்டுவதில் உன் கை வேகம், வேலை வாங்கும் மண்டோரே உன்னிடம் மரியாதையாகப் பேசியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. கல்யாணமான மறு வருஷம் நீ சரசுவைப் பெற்றாய். எனக்கு நாலு வருஷம் ஒன்றும் இல்லை.

டாருராட் காலத்தை, வெள்ளைக்காரன் போட்ட அந்த அவசரகாலத்தை, இப்போது யாரிடம் சொன்னாலும் கதை மாதிரி கேட்கிறார்கள். தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை விட்டு நம்மையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். விடிந்த பிறகுதான் கேட் திறக்கும். வேலைக்குப் போகும்போது வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், கொண்டையைக்கூட அவிழ்த்துக் காட்ட வேண்டும். பெரிய காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் ஒரு பிடி அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று அத்தனை கெடுபிடி. பிறகு வீட்டில் அரிசியே வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வேலிக்குள் பொதுச் சமையற்கட்டு ஒன்று கட்டி, அங்கே வெந்த சோற்றைத்தான் அளந்து கொடுத்தார்கள். குழம்பை மட்டும் அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

அந்த நாளில்தான் ரோட்டோரம் மரம் வெட்டினார்கள். லாரிகளை மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று, தோட்டத்துக்குப் போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த பெரிய மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டார்கள். நாம் பால் வெட்டும் மரங்களும் அந்தப் பக்கம்தான் இருந்தன. பால் வெட்டி முடித்து, பால் எடுக்கும் நேரம் வரும்வரை சும்மா நின்றோம். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் உச்சிக் கிளையில், அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது, இப்போது நம் முழங்கால் உயரத்தில் கிடந்தது: கொத்தாகத் தண்டும் இலையுமாக ஒரு செடி. அதில் ஒரே ஒரு பூ. வெள்ளைப் புறா பறக்கிற மாதிரி, நடுவில் துளி மஞ்சள். நீ குனிந்து முகர்ந்து பார்த்தாய், நானும் பார்த்தேன். பால் கத்தியால் கொத்தை நடுவில் பிளந்து, "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்றாய். மண்டோர் தூரத்தில் இருந்து பார்த்துச் சிரித்தார். கேட்டில் நின்ற காவல்காரனிடம் நீதான் இரண்டையும் காட்டினாய். "பூங்கா, பூங்கா" என்று, பூவுக்கு உனக்குத் தெரிந்த மலாய்ப் பேரைச் சொன்னதும் விட்டுவிட்டான்.

என் பாதியை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியுமே. தேங்காய் மட்டையும் அடுப்புக் கரியும் போட்டு, பால் டின்னில் வைத்து, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது, மழை அடித்துக் கெடுத்துவிடக் கூடாது என்று என் வீட்டுச் சமையற்கட்டுக்குள்ளேயே வைத்தேன். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். இடத்தை வேறு நாளுக்கொன்றாக மாற்றினேன். நீயோ உன் பாதியை உடைந்த சட்டியில் கரித்துண்டோடு திணித்து, துணி காயப்போடும் கம்பத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மறந்துபோனாய். நினைவு வந்த நாளில் பொதுச் சமையற்கட்டுக்குப் போய், அரிசி களைந்த தண்ணீரை ஒரு குவளை கேட்டு வாங்கிவந்து ஊற்றுவாய். அவ்வளவுதான் உன் கவனிப்பு. வெயிலும் மழையும் அதன் தலையில் நேராக விழுந்தன.

பூத்தது உன்னுடையதுதான். ஒரு நாள் காலையில் கேட் திறக்கும் முன்னே லயம் முழுக்க வாசனை. ஓடி வந்து பார்த்தால் உன் கம்பத்தில் இருபது முப்பது புறா. பெண்டுகள் வரிசையில் நின்று முகர்ந்தார்கள். சரசுவைத் தூக்கிக் காட்டினாய். அது பூவைப் பிடித்து வாயில் போடப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் என் டின்னைப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று இலை. ஒரு மொட்டுக்குக்கூட நாதியில்லை. ஒரே மரம், ஒரே கொத்து, ஒரே கத்தி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திரும்பி வந்து நின்றபோது நீ ஒரு பூவைக் கிள்ளி என் கொண்டையில் வைத்தாய், அத்தனை பேர் பார்க்க. நீ ஆசையாகத்தான் வைத்திருப்பாய். எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது. வெட்டுக்காட்டுக்குப் போகும் வழியில் அதை எடுத்து எறிந்தேன்.

சாயங்காலத்துக்குள் உன் பூவெல்லாம் வாடித் தொங்கிவிட்டது. ஒரே நாள் பூ என்று அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அடுத்த பெருமழைக்குப் பிறகு மறுபடி பூத்தது. அதற்கடுத்த மழைக்கும் பூத்தது. மழை சில்லிட்டுக் கொட்டினால்தான் அந்தச் செடிக்குப் பூக்கத் தோன்றும் என்று நான் தெரிந்துகொண்டது சிரம்பானுக்கு வந்த பிறகு, ஒரு நாற்றுக்கடைக்காரர் சொல்லித்தான். அடுப்பு வெக்கையில் பொத்திப் பொத்தி வைத்தால் எங்கிருந்து பூக்கும்? அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும். நீ ஏதோ மந்திரம் செய்கிறாய் என்றே நினைத்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து உன் சட்டியைத் தடவிப் பார்த்திருக்கிறேன், கரிக்கு நடுவே என்ன போட்டிருக்கிறாய் என்று.

ஒரு நாள் குழாயடியில் மூன்றாம் வீட்டு முனியம்மா, என் குடம் நிறைந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்: "அந்த வீட்டுல செடியும் பூக்காது, ஒண்ணும் பூக்காதுலா." நீ எனக்குப் பின்னால் சரசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நீ சிரித்த சத்தம் கேட்டது. சரசு ஏதாவது செய்திருக்கும், அதற்குச் சிரித்திருப்பாய். முனியம்மா சொன்னது உன் காதில் விழாமலேகூட இருந்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கொடுத்தனுப்பிய குழம்பை நான் தின்னவில்லை. என் வீட்டுக்காரர் தின்றார்.

அடுத்த முறை உன் சட்டி பூத்த காலையில்தான் லாரிகள் வந்தன. தோட்டத்து எல்லையில் யாரோ புதைத்து வைத்திருந்த அரிசி மூட்டை கிடைத்ததாம். ஆண்களையெல்லாம் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பெண் வாசலில் நிற்க வேண்டும். லயத்தை ஒவ்வொரு வீடாகப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். உன் வாசலில் நின்றுவிட்டார்கள். நிற்காமல் என்ன செய்வார்கள், அத்தனை பூவும் அத்தனை வாசனையும்! கூட வந்த கார்ப்பரல் ஒருவர், இது காட்டு மரத்தின் உச்சியில் இருக்கிற செடி, இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். சட்டியைக் கவிழ்த்தார்கள். கரித்துண்டுகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு அரிசி மணி. நீ ஊற்றிய அரிசி களைந்த தண்ணீரில் வந்தவை. ஆனால் வீட்டில் ஒரு மணி அரிசி இருக்கக் கூடாத காலம் அது. உன்னைத் தள்ளிக்கொண்டு போய் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சரசுவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

அப்புறம் என் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கூடவே சிரம்பானிலிருந்து வந்த துபாஷி. நல்ல வெள்ளைச் சட்டை போட்ட, தோட்டம் துரவு பார்த்திராத டவுன் ஆள். அவன் கேட்டான்: "அந்தச் செடிய அந்தப் பொம்பள எங்கேருந்து எடுத்தா? உனக்குத் தெரியுமா?"

என் சமையற்கட்டில், விறகுக்குப் பின்னால், அதே செடியின் மறுபாதி இருந்தது. பூக்கவில்லை. உள்ளே போன காவல்காரன் அதை ஏதோ கீரை என்று நினைத்துத் தாண்டி வந்துவிட்டான். ரோட்டோரம் வெட்டிப்போட்ட மரத்தில் எடுத்தோம், மண்டோர் பார்த்தார், இதோ என் பாதி என்று நான் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மூன்று வார்த்தை. என் கையில் சரசு. எதிரே உன் கம்பத்தில், கவிழ்த்த பிறகும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்த நாலைந்து பூ.

"காட்டுல எடுத்தா" என்றேன்.

"காட்டுலயா?" என்று மறுபடி கேட்டான். தலையை ஆட்டினேன். அவன் திரும்பி வெள்ளைக்காரரிடம் 'ஜங்கிள்' என்று சொன்னது எனக்கே புரிந்தது.

நம் பேச்சில் காடு என்றால் என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். காட்டுக்குப் போறேன் என்றால் ரப்பர் காட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். பால்காடு, வெட்டுக்காடு, பழைய காடு, புதுக்காடு, எல்லாமே ரப்பர்தான். புலியும் துப்பாக்கியும் இருக்கிற காட்டைப் பெரிய காடு என்போம். டவுன் துபாஷிக்கு இது தெரியாது. அவனுக்குக் காடு ஒன்றுதான். நீ ரோட்டோரம் எடுத்தேன் என்று சொல்லியிருந்தாயாம். நான் காடு என்று சொன்னதும் நீ பொய் சொல்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன்னை லாரியில் ஏற்றித் தம்பினுக்குக் கொண்டுபோனார்கள்.

பதினெட்டு நாள், அக்கா. அந்தப் பதினெட்டு நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. உன் வீட்டுக்காரர் துரை பங்களாவுக்கும் ஆபீஸ் குமாஸ்தா கிராணி வீட்டுக்கும் நடையாய் நடந்தார். செடி எடுத்ததைப் பார்த்த மண்டோரும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷமாக இருந்தேன். சரசு என்னிடம் இருந்தது. முதல் இரண்டு நாள் உன்னைத் தேடி அழுதது, மூன்றாம் நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், மை வைத்தேன். பெரட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், ஆயாக் கொட்டகையில் விடாமல் வெட்டுக்காட்டுக்கே தூக்கிப் போனேன். மத்தியானத்தில் என் வயிற்றின் மேல் கவிழ்ந்து படுத்துத் தூங்கும். அந்தக் கனம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாளைக்குக் கிராணியிடம் போய்ச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் கொஞ்சம்தான்.

உன் சட்டியை நான்தான் எடுத்து மறுபடி கட்டி வைத்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். காலையில் உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வேன், உன் கம்பத்தடியில் நிற்பேன். இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பதினேழாம் நாள் உன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். என்னோடு நேராகப் பேசாத மனிதர், அன்றைக்குப் பேசினார்.

"கப்பல் ஏத்திருவாங்க போலம்மா. ஊருக்கு. அவ போனா நானும் போயிருவேன். புள்ளய எடுத்துக்கிட்டு."

சரசு அப்போது என் காலடியில் உட்கார்ந்து மங்குக் கிண்ணம் ஒன்றைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் பிடித்தது, அதை மடியில் தூக்கிக்கொண்டேன். உன்னைக் கப்பல் ஏற்றுவது பற்றி இல்லை அக்கா. நான் இன்றைக்கு ஒளிக்கப் போவதில்லை. நீ போனால் குழந்தையும் போய்விடும். நீ திரும்பி வந்தால் குழந்தை பக்கத்து வீட்டிலாவது இருக்கும். அதைத்தான் நினைத்தேன். உனக்காக நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை என் பால் டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு கிராணியின் ஆபீசுக்குப் போனேன். அவர் நம் தோட்டத்தில் இருபது வருஷம் இருந்தவர், நம் பேச்சு அவருக்குத் தெரியும். "ஐயா, நாங்க காடுன்னா பால்காடு. அந்தத் துபாஷி தப்பா புரிஞ்சிக்கிட்டாரு. ரோட்டோரம் சாஞ்ச மரத்துல எடுத்தோம், ரெண்டு பேரும்தான் எடுத்தோம், இந்தா என் பாதி, மண்டோரக் கேளுங்க" என்றேன். அரிசி களைந்த தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். மண்டோரைக் கூப்பிட்டார், சமையற்கட்டு ஆளைக் கூப்பிட்டார், துரையிடம் போனார். துரை டெலிபோனில் பேசினார். அன்று பொழுது சாயும் முன்னே உன்னைக் கொண்டுவந்து கேட்டில் இறக்கினார்கள்.

நீ இளைத்திருந்தாய். தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. சரசு உன்னைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வர மாட்டேன் என்றது. என் மனசு அப்போது என்ன துள்ளு துள்ளியது என்று சொன்னால் என் மேல் மண்ணைத்தான் வாரிப் போடுவார்கள். ஐந்து நிமிஷம்தான். பிறகு உன் குரலைக் கேட்டு உன்னிடம் தாவிவிட்டது. லயமே கூடி நின்றது. பயந்து சாகிற காலத்தில் ஒற்றைப் பொம்பளையாக ஆபீசுக்குப் போய்ப் பேசினாளே, ஓரகத்தி என்றால் இவள் மாதிரி இருக்க வேண்டும் என்று முனியம்மாவே சொன்னாள். நீ என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வாழ்ந்தேன். பிறகு எனக்கும் இரண்டு பிள்ளை பிறந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நீங்கள் லுக்குட்டுக்குப் போனீர்கள், நாங்கள் சிரம்பானுக்கு வந்தோம். ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார்கள். உன் பதினாறாம் நாளிலும் சரசு எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்து, "சின்னம்மா இல்லேன்னா எங்கம்மாவ அன்னைக்கே கப்பல் ஏத்திருப்பாங்க" என்று அழுதாள். பட்டுச் சேலை ஒன்றை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். உன் வீட்டில் எனக்கு எப்போதும் முதல் பந்திதான்.

நீ சாவதற்கு நாலு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன் அல்லவா. சரசு கீழே காப்பி வாங்கப் போயிருந்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டே இருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தேன். திடீரென்று பேசினாய்.

"ஏ புள்ள, அன்னைக்கு எந்தக் காட்டச் சொன்ன?"

நான்தான் சொன்னேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் வாசலில் நின்றது நானும் அந்த அதிகாரியும் துபாஷியும்தான். கிராணியும் அதை வெளியே சொன்னதில்லை. நீயே மெல்லச் சொன்னாய்: துபாஷி தம்பின் ஸ்டேஷனில் உன்னிடமே சொல்லியிருக்கிறான், உன் ஓரகத்தியே சொல்லிவிட்டாள், இனி மறைத்துப் பலனில்லை என்று. முதல் நாளே சொல்லியிருக்கிறான். அதைத் தெரிந்துகொண்டுதான் திரும்பி வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் புகழைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

"பால்காட்டத்தாங்க்கா. வேற எந்தக் காடு?" என்றேன்.

நீ கண்ணைத் திறக்கவில்லை.

"அதான் நானும் சொன்னேன். எந் தங்கச்சி பால்காட்டத்தான் சொல்லியிருப்பான்னு. தெனமும் சொன்னேன். அவந்தான் நம்பல."

சரசு காப்பியோடு வந்துவிட்டாள். நீ அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ நிஜமாகவே நம்பித்தான் சொன்னாயா, எல்லாம் தெரிந்து எனக்காகச் சொன்னாயா என்று அன்று முதல் உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். எது என்றாலும் என்னால் முடிந்திருக்காது. பதினெட்டு நாள் அடைபட்டுக் கிடந்து, என்னைக் காட்டிக்கொடுத்தவளுக்காகத் தினமும் வாதாட என்னால் ஒரு நாளும் முடிந்திருக்காது. அதற்கும் எனக்கு உன் மேல் வயிற்றெரிச்சல்தான், வேறென்ன சொல்ல.

துபாஷி சரியாகத்தான் சொன்னான், அக்கா. நான் பெரிய காட்டைத்தான் சொன்னேன்.